இக்போ தேசியத்தின் மறு எழுச்சி: ஆட்சியின் பிழைகள் ஈன்ற பிரச்சினை

நைஜீரியாவிலிருந்து பிரிந்து, பயாஃப்ரா என்ற பெயரைத் தாங்கி முப்பது மாத காலம் உயிர் வாழ்ந்த ராஜ்யம் 1970-ஆம் ஆண்டு ஜனவரி 15-ஆம் தேதி லாகோஸ் நகரில் முறைப்படி சரணடைந்தபோது, இனி அந்தப் பெயர் சரித்திர நூல்களில் மாத்திரமே வாழும் என்று உலகத்தார் எண்ணியதில் வியப்பில்லை. பத்து லட்சம் முதல் முப்பது லட்சம் வரை என்று பலவாறு மதிப்பிடப்படும் உயிர்களை, அவற்றுள்ளும் பெரும்பாலும் குழந்தைகளின் உயிர்களைப் பட்டினிக்குப் பலி கொடுத்த இக்போ சமூகம் மீண்டும் அந்த வழியை நாடும் என்று எவர்தாம் எதிர்பார்த்திருக்க முடியும்? போரிட்ட தலைமுறையும் பெரும்பாலும் மௌனமே சாதித்தது. பெற்ற பிள்ளைகளிடம்கூட அந்நாட்களைப் பற்றி அதிகம் பேசாமல், கடையும் கல்வியும் வீடுமாக இடிந்த வாழ்வை எடுத்துக் கட்டுவதிலேயே தன் சக்தியனைத்தையும் செலவிட்டது. ஆயினும் அந்த மௌனத்தினிடையே வளர்ந்த பேரப்பிள்ளைகள், பசியையும் குண்டுவீச்சையும் கண்ணால் கண்டறியாதவர்கள், சிவப்பு, கறுப்பு, பச்சை வர்ணங்களின் நடுவே பாதி உதித்த சூரியனைத் தாங்கும் பழைய கொடியை ஏந்தித் தெருவுக்கு வந்தார்கள்; அதற்காகச் சிறை புகுந்தார்கள்; சிலர் சுடப்பட்டு மடிந்தார்கள். தோற்றவர்கள் துறந்துவிட்ட ஒரு லட்சியத்தைத் தோல்வியையே அறியாதவர்கள் ஏன் கையில் எடுத்தார்கள் என்பதே இக்கட்டுரை ஆராயப் புகும் கேள்வி.

இதற்கு அறிஞர்கள் கூறும் விடைகள் பல. இனப்பற்று மனிதனுடைய இரத்தத்தோடு கலந்தது, அது உறங்குமே தவிர இறக்காது என்பர் ஒரு சாரார். பதவி இழந்த அரசியல்வாதிகளும் பணம் படைத்தவர்களும் தங்கள் சுயநலத்துக்காக மூட்டிவிடும் தீ அது என்பர் மற்றொரு சாரார். யுத்தத்தின் நினைவு ஆறாத புண்ணாக இருப்பதே காரணம் என்று சொல்வோரும், வேலையில்லாத் திண்டாட்டமே காரணம் என்று சொல்வோரும் உண்டு. இவை ஒவ்வொன்றிலும் உண்மையின் அம்சம் இருக்கிறது. ஆனால் இவற்றுள் எதுவும் காலத்தைப் பற்றிய வினாவுக்கு விடை தரவில்லை. இரத்தமும் நினைவும் என்றும் உள்ளவை. வறுமை 1980-களிலும் கடுமையாகவே இருந்தது. சுயநலக்காரர்கள் எக்காலத்திலும் இருக்கிறார்கள். அவ்வாறிருக்க, இவ்வியக்கம் 1999-ல் துளிர்த்து, 2015-ல் பெருகி, 2021-ல் வன்முறையாக வெடித்தது ஏன்? அந்த ஆண்டுகளில் ஆட்சி நடந்த விதத்தைப் பார்த்தாலன்றி இதற்கு விடை காண இயலாது என்பதும், ஆள்வோரைக் கேள்வி கேட்கும் உரிமை மறுக்கப்பட்ட இடத்திலெல்லாம் இக்போ தேசியம் தலையெடுத்தது என்பதும், அந்த உரிமையைத் தருவதாகத் தோன்றிய வாசல் திறந்தபோது அதே ஜனங்கள் நைஜீரியப் பிரஜைகளாகவே அதனுள் நுழைந்தார்கள் என்பதும் எம்முடைய கருத்து.

சபையில் வளர்ந்த சமூகம்

நைஜர் நதியின் கிழக்கே அடர்ந்த கிராமங்களில் வாழ்ந்த இக்போ மக்களுள், ஒனிட்ஷா, ந்ரி போன்ற சில இடங்கள் நீங்கலாக, முடியரசு என்பது வேரூன்றவில்லை. தந்தைவழிப் பங்காளிகளின் கூட்டமாகிய உமுன்னாவும், சம வயதினரின் சங்கங்களும், அக்குலத்தில் பிறந்த பெண்களின் சபையும் கூடிப் பேசி முடிவு செய்வதே ஊர் வழக்கம். ஆங்கிலேயர் இவ்வழக்கத்தைப் பொருட்படுத்தாமல், தாங்களே சிலருக்கு அதிகாரப் பத்திரம் எழுதிக் கொடுத்துத் தலைவர்களாக நியமித்தனர். ஊரார் தேர்ந்தெடுக்காத அத்தலைவர்கள் வரிக்கணக்கு எடுக்கப் புறப்பட்டபோது, 1929-ஆம் ஆண்டின் இறுதியில், ஓவெரி, கலபார் மாகாணங்களில் பல்லாயிரம் பெண்கள் திரண்டு நியமனத் தலைவர்களின் வீடுகளையும் நீதிமன்றங்களையும் முற்றுகையிட்டார்கள். ஐம்பதுக்கு மேற்பட்ட பெண்கள் துப்பாக்கிக்கு இரையான பிறகே அவ்வெழுச்சி அடங்கியது. தம்மைக் கேளாமல் தம்மை ஆள்வதை இச்சமூகம் எவ்வளவு ஆழமாக வெறுத்தது என்பதற்கு அதுவே முதற் சாட்சி.

இனப்பற்று பிறவிக் குணம் என்ற வாதத்தை அடுத்து வந்த முப்பதாண்டுகளின் சரித்திரம் மறுக்கிறது. நைஜீரியா என்ற ஒன்றுபட்ட தேசத்தை மற்றெல்லோரையும்விட அதிகமாக நம்பியவர்கள் இக்போ மக்களே. இரயில் பாதை சென்ற இடமெல்லாம், கானோ, கடூனா, ஜோஸ், லாகோஸ் என்று, குமாஸ்தாக்களாகவும் ஆசிரியர்களாகவும் வியாபாரிகளாகவும் அவர்கள் குடியேறினார்கள். அவர்களுள் தோன்றிய நம்டி அசிக்கிவே தம் பத்திரிகைகளின் மூலம் நாடு தழுவிய சுதந்திர உணர்ச்சியை வளர்த்தார். 1949 நவம்பரில் எனுகுவின் ஈவா பள்ளத்தாக்கில் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர் 21 பேர் போலீஸாரால் சுட்டுக் கொல்லப்பட்டபோது எழுந்த கோபம் இக்போ இனத்தின் கோபமாகச் சுருங்காமல், அன்னிய ஆட்சிக்கு எதிரான நைஜீரியரின் கோபமாக விரிந்தது. ஆகவே இக்போ தேசியம் ஆதியில் இருந்தது, நைஜீரிய தேசியம் பிறகு வந்தது என்ற வரிசையே தவறு. முந்தியது நைஜீரிய நம்பிக்கை, பிந்தியது அந்நம்பிக்கையின் முறிவு.

முறிவும் யுத்தமும்

1960 அக்டோபர் முதல் தேதி பெற்ற சுதந்திரம் ஆறு ஆண்டுகளுக்குள் சீர்குலைந்தது. ஜனத்தொகைக் கணக்கில் தகராறு, 1964-ஆம் ஆண்டுத் தேர்தலில் பகிஷ்காரம், 1965-ல் மேற்குப் பிரதேசத் தேர்தலில் மோசடியும் தீ வைப்பும் என்று ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. 1966 ஜனவரி 15-ல் இளம் ராணுவ அதிகாரிகள் நடத்திய புரட்சியில் பிரதம மந்திரி பலேவாவும் வடக்குப் பிரதேசத் தலைவர் அகமது பெல்லோவும் கொல்லப்பட்டனர். சதி செய்தவர்களில் பெரும்பாலோர் இக்போக்களாக இருந்ததும், ஆட்சி இக்போ தளபதி இரோன்சியின் கைக்கு வந்ததும், அவர் பிரதேசங்களின் அதிகாரத்தை ஒடுக்கி ஒற்றையாட்சிக் கட்டளை பிறப்பித்ததும் வடக்கில் சந்தேகத்தை வெறியாக மாற்றின. ஜூலையில் எதிர்ப்புரட்சி, இரோன்சி கொலை, மே மாதத்திலும் மறுபடி செப்டம்பர், அக்டோபர் மாதங்களிலும் வடக்கு நகரங்களில் வசித்த கிழக்கத்தியர் ஆயிரக்கணக்கில் படுகொலை என்று தொடர்ந்தன; பத்து லட்சத்துக்கு மேற்பட்டோர் உயிர் பிழைத்தால் போதுமென்று கிழக்கே ஓடினர். 1967 ஜனவரியில் கானா நாட்டின் அபுரியில் எதிர்ப்புரட்சிக்குப் பின் ராணுவ ஆட்சித் தலைவரான கோவோனும் கிழக்குப் பிரதேசத்தின் ராணுவ கவர்னர் ஓஜுக்வுவும் கண்ட சமாதான உடன்பாடு தளர்ந்த சமஷ்டி முறை ஒன்றைக் காட்டியது. ஆனால் அதன் பொருளைப் பற்றியே இரு தரப்பாரும் பிணங்கினர். மே 27-ல் கோவோன் நாட்டைப் பன்னிரண்டு மாநிலங்களாகப் பிரித்தார். மே 30-ல் ஓஜுக்வு பயாஃப்ராவைப் பிரகடனம் செய்தார்.

இவ்வளவும் பலரறிந்த வரலாறு. நம் விஷயத்துக்கு முக்கியமானது ஒன்று: பிரிவினை ஒரு சித்தாந்தமாகப் பிறக்கவில்லை. குடிமக்களின் உயிரைக் காக்கும் முதற்கடமையில் அரசு தவறியபோது, எந்த இடத்தில் உயிருக்குக் காப்பு உண்டோ அதுவே தேசம் என்ற எண்ணம் அகதிகளின் உள்ளத்தில் உருவாயிற்று.

வென்றவரும் தோற்றவரும்

வென்றவரும் இல்லை, தோற்றவரும் இல்லை என்று கோவோன் அறிவித்தது அக்காலத்தில் மேன்மையான செயலாகவே போற்றப்பட்டது. பழிவாங்கும் விசாரணைகளும் தூக்குத் தண்டனைகளும் நடைபெறவில்லை. அரசாங்க உத்தியோகத்துக்குப் பலர் திரும்பினர். வடக்கிலும் லாகோஸிலும் சொத்தை மீட்டுக்கொண்டவர்களும் உண்டு. இந்த நற்செயல்களை மறைப்பது நியாயமன்று. ஆனால் பெருந்தன்மையான அறிவிப்பின் கீழே நிர்வாகத்தின் கை வேறு விதமாக இயங்கியது.

யுத்த காலத்தில் பயாஃப்ரா நாணயத்தில் வரவு செலவு செய்த வங்கிக் கணக்குகளுக்கு, அவற்றில் இருந்த தொகை எவ்வளவாயினும், தலைக்கு 20 பவுண்டு மாத்திரமே கொடுக்கப்பட்டது. ஒனிட்ஷாவில் ஜவுளிக் கடை வைத்து ஆயிரக்கணக்கில் சேமித்தவனுக்கும் அதே 20 பவுண்டு. வாழ்நாளெல்லாம் பள்ளியில் பாடம் சொல்லிச் சிறுகச் சேர்த்த ஆசிரியருக்கும் அதே 20 பவுண்டு. அந்த இழப்பின் ஈரம் காயுமுன், 1972-ல், அன்னியர் கம்பெனிகளின் பங்குகளை நைஜீரியருக்கு மாற்றித் தரும் சுதேசிச் சட்டம் வந்தது. கையில் முதல் உள்ளவர்கள் வாங்கினார்கள், 20 பவுண்டு பெற்றவர்கள் வேடிக்கை பார்த்தார்கள். போர்ட் ஹார்கோர்ட்டிலோ, இக்போக்கள் கட்டிய வீடுகள் கைவிடப்பட்ட சொத்து என்ற பெயரில் பிறர் கைக்குப் போயின. இவற்றுள் எதுவும் துப்பாக்கியால் செய்யப்பட்டதன்று. எல்லாம் சட்டத்தாலும் சுற்றறிக்கையாலும் செய்யப்பட்டவை. அதனாலேயே அவை நினைவில் நெடுங்காலம் நின்றன.

அப்படியிருந்தும் அத்தலைமுறை கலகம் செய்யவில்லை. ஏழைச் சிறுவன் ஒருவனை வியாபாரி தன் கடையில் சேர்த்து, உணவும் இருப்பிடமும் தந்து, ஐந்தாறு ஆண்டுகள் தொழில் கற்பித்து, முடிவில் முதலும் கொடுத்துத் தனிக்கடை வைத்துவிடுகிற பழைய ஏற்பாட்டைக் கொண்டே அது தன்னை உயர்த்திக்கொண்டது. முதல் பெற்ற பையன் நாளடைவில் தானே வேறு சிறுவர்களைச் சேர்த்து ஆளாக்குவான். அபா நகரத்தின் அரியாரியா சந்தையில் செருப்புத் தைப்பவரும் துணி தைப்பவரும், நெவியில் மோட்டார் உதிரி பாகம் விற்பவரும் இவ்வாறு பெருகினார்கள். அரசிடம் அவர்கள் பிச்சை கேட்கவில்லை. சாலை கேட்டார்கள், மின்சாரம் கேட்டார்கள், திருடனிடமிருந்து காவல் கேட்டார்கள்.

எண்ணிக்கையின் அநீதி

1967-ல் பன்னிரண்டாக இருந்த மாநிலங்கள் 1976-ல் 19, 1987-ல் 21, 1991-ல் 30, 1996-ல் 36 என்று வளர்ந்தன. இவ்விருபதாண்டுப் பிரிவினைகள் அனைத்தும் ராணுவ ஆட்சியாளரின் கட்டளையால் நிகழ்ந்தவை. நாட்டின் ஆறு மண்டலங்களுள் வடமேற்குக்கு ஏழு மாநிலங்களும், மற்ற நான்குக்கு ஆறாறும் கிடைக்க, இக்போ மக்களின் தென்கிழக்குக்கு அபியா, அனாம்பிரா, எபோன்யி, எனுகு, இமோ என்ற ஐந்தே கிடைத்தன. இந்த ஒன்றின் குறை அற்பமானதாகத் தோன்றலாம். ஆனால் 1999-ஆம் ஆண்டு அரசியல் சட்டப்படி ஒவ்வொரு மாநிலத்துக்கும் மூன்று செனட்டர்கள், மத்தியில் குறைந்தது ஒரு மந்திரி. மத்திய வருமானத்தைப் பங்கிடும்போதும் மாநிலங்களின் எண்ணிக்கை ஓர் அளவுகோல். ஆகவே வடமேற்கு 21 செனட்டர்களை அனுப்பும் சபைக்குத் தென்கிழக்கு 15 பேரையே அனுப்புகிறது. தென்கிழக்குக்கு ஒரு மாநிலம் சேர்க்க வேண்டும் என்று 2014-ஆம் ஆண்டுத் தேசிய மகாநாடு சிபாரிசு செய்தது. அது ஏட்டளவிலேயே நின்றது.

இதைவிட நுட்பமான அநீதி ஒன்று உண்டு. நைஜீரியாவில் ஒருவனுடைய உரிமை அவன் வாழும் ஊரைப் பொறுத்து அமைவதில்லை. அவனுடைய மூதாதையர் ஊரைப் பொறுத்து அமைகிறது. கடூனாவில் பிறந்து, கடூனாவில் படித்து, கடூனாவில் வரி செலுத்தும் இக்போ ஒருவன், அங்கே பூர்வீகச் சான்று பெற இயலாதவனாதலால், உத்தியோகத்திலும் கல்லூரி இடத்திலும் அயலானாகவே நிற்கிறான். எல்லா இனத்தாரும் இதனால் துன்புறுகிறார்கள் என்றாலும், நாடெங்கும் பரவி வாழும் இனத்துக்கே இத்துன்பம் மிகுதி. இந்த நோய் இனப்பகையால் மட்டும் விளைவதன்று என்பதற்கும் சான்று இருக்கிறது: 2011-ல் அபியா மாநில அரசு, பிற மாநிலங்களைப் பூர்வீகமாகக் கொண்ட தன் ஊழியர்களைப் பணியிலிருந்து அகற்றியபோது, அகற்றப்பட்டவர்களில் பெரும்பாலோர் அண்டை மாநிலங்களின் இக்போக்களே. பங்கு போடுவதையே ஆட்சியாகக் கொண்ட ஓர் அரசில், பங்காளி எவனும் அன்னியனாகிவிடுகிறான்.

உள்வீட்டுப் பிழை

தென்கிழக்கின் துயரம் முழுவதற்கும் மத்திய அரசே பொறுப்பு என்று சொல்லும் பிரசாரம் பாதி உண்மையையே கூறுகிறது. எஞ்சிய பாதி, இக்போ வாக்காளர் பெயரால் பதவி ஏறிய இக்போ ஆட்சியாளரின் செயல்களில் அடங்கியிருக்கிறது.

அனாம்பிரா மாநிலத்தை எடுத்துக்கொள்வோம். 2002, 2003-ஆம் ஆண்டுகளில் ஆசிரியர்களுக்குச் சம்பளம் கொடுக்கப்படாமையால் அரசாங்கப் பள்ளிகள் மாதக்கணக்கில் மூடிக் கிடந்தன. 2003 ஜூலையில், தேர்தலில் தன்னைப் பதவிக்குக் கொண்டு வந்த செல்வாக்குடைய கூட்டத்தாருடன் பிணங்கிய கவர்னர் கிறிஸ் ங்கிகே, ஆயுதமேந்திய போலீஸாரைக் கொண்டே கடத்தப்பட்டார். ஒரு மாநிலத்தின் முதல் அதிகாரியே பட்டப்பகலில் கடத்தப்படக்கூடுமானால், சாமானியனுக்குச் சட்டம் என்ன காப்பளிக்கும்? அதே மாநிலத்தில் 2014-ஆம் ஆண்டுக்குப் பிறகு ஸ்தல ஸ்தாபனத் தேர்தல் நடந்தது 2024 செப்டம்பரில்தான். இடைப்பட்ட பத்தாண்டுகளும் கவர்னர்கள் நியமித்த குழுக்களே ஊராட்சியை நடத்தின. இமோ மாநிலத்தில், தேர்தல் கமிஷன் அறிவித்த முடிவில் நான்காவதாக வந்த வேட்பாளரை 2020 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் கவர்னராக்கியது. சட்டப்படி அத்தீர்ப்பு எவ்வாறாயினும், தங்கள் வாக்கு பொருளற்றது என்ற எண்ணமே ஜனங்களிடம் மிஞ்சியது.

காவல் துறையின் கதையும் இத்தகையதே. தொண்ணூறுகளின் இறுதியில் அபா சந்தையின் செருப்புத் தொழிலாளர் கொள்ளையரின் தொல்லை பொறாமல் தாங்களே ஒரு காவற்படை திரட்டினார்கள். பக்காசி பையன்கள் என்று பெயர் பெற்ற அப்படை முதலில் மக்களின் நன்றியைப் பெற்று, பின்னர் விசாரணையின்றிக் கொல்லும் கூட்டமாக மாறியது. 2010-ல் அதே நகரில் ஆட்கடத்தல் மலிந்து வங்கிகளே கதவடைத்தன. சபையில் கூடிப் பேசி ஊரை நடத்திய ஒரு சமூகத்தின் பேரர்களுக்குத் தங்கள் ஊராட்சித் தலைவரைத் தேர்ந்தெடுக்கும் உரிமைகூட இல்லாமற்போனதும், கவர்னர் பதவி முன்னாளைய அதிகாரப் பத்திரத் தலைவரின் மறுபிறவியாகத் தோன்றியதும் இத்தகைய சம்பவங்களால்தான்.

இயக்கமும் அடக்குமுறையும்

1999-ல் ஜனநாயகம் திரும்பி வந்த அதே ஆண்டில் ரால்ஃப் உவாசுரிக்கே என்ற வழக்கறிஞர் பயாஃப்ரா தனிநாடு கோரும் மாசாப் என்னும் இயக்கத்தைத் தொடங்கியது தற்செயலானதன்று. ராணுவ ஆட்சியில் எவருக்கும் குரல் இல்லை. ஜனநாயகத்திலோ குரல் உண்டென்ற நம்பிக்கை பிறந்து உடனே அடிபட்டது. 1979 முதல் 1983 வரை உபஜனாதிபதியாக இருந்த அலெக்ஸ் எக்வுவெமே 1999-ல் ஜோஸ் நகரில் கூடிய கட்சி மகாநாட்டில் ஜனாதிபதி வேட்பாளராக முயன்று, பயாஃப்ராவின் சரணாகதியை ஏற்ற தளபதியாகிய ஒபசாஞ்ஜோவிடம் தோற்றார். அகிம்சையைத் தன் வழியென அறிவித்த மாசாப் 2004 ஆகஸ்டில் விடுத்த கடையடைப்பு அழைப்பைத் தென்கிழக்கு முழுவதும் ஏற்றது. அடுத்த ஆண்டே உவாசுரிக்கே ராஜத் துரோகக் குற்றச்சாட்டில் சிறை வைக்கப்பட்டார்.

லண்டனிலிருந்து பயாஃப்ரா வானொலியை நடத்திய நம்டி கானு 2012-ல் ஐபாப் என்ற அமைப்பை நிறுவினார். குட்லக் ஜோனத்தன் ஜனாதிபதியாக இருந்தவரை, யுத்தத்துக்குப் பின் முதன்முறையாக ஓர் இக்போ தளபதி தரைப்படைத் தலைவராகவும், இக்போக்கள் முக்கிய மந்திரிகளாகவும் விளங்கியவரை, அந்த வானொலியின் ஆவேசப் பேச்சு பெருங்கூட்டத்தைத் திரட்டவில்லை. 2015-ல் புஹாரி ஜனாதிபதியாகப் பதவியேற்றார். தமக்குப் பெருவாரியாக வாக்களித்த பகுதிகளையும் அற்பமாக வாக்களித்த பகுதிகளையும் சில விஷயங்களில் ஒன்றாக நடத்த இயலாது என்ற கருத்தை அவர் வாஷிங்டனில் வெளியிட்டார்; அவர் முதலில் நியமித்த படைத் தலைவர்களுள் தென்கிழக்கைச் சேர்ந்தவர் ஒருவரும் இல்லை. அக்டோபரில் கானு கைது செய்யப்பட்டார். நீதிமன்றம் விடுவிக்கச் சொன்ன பின்னும் காவலில் வைக்கப்பட்டார். வானொலியால் ஆகாததை இக்கைது செய்து முடித்தது.

அதன் பிறகு நிகழ்ந்தவை அரசின் விவேகமின்மைக்கு நீங்காத சாட்சியாக நிற்கின்றன. 2015 ஆகஸ்டு முதல் 2016 ஆகஸ்டு வரை, அமைதியாகக் கூடியவர்களில் குறைந்தது 150 பேர் பாதுகாப்புப் படையினரால் கொல்லப்பட்டனர் என்று ஆம்னெஸ்டி இண்டர்நேஷனல் அறிவித்தது. அவர்களில் பலர் 2016 மே 30-ல், யுத்தத்தில் இறந்தோரின் நினைவு நாளில், ஒனிட்ஷாவிலும் அதை அடுத்த ந்க்போரிலும் வீழ்ந்தவர்கள். 2017-ல் வடக்கிலுள்ள சில இளைஞர் அமைப்புகள் இக்போக்கள் அக்டோபர் முதல் தேதிக்குள் வெளியேற வேண்டுமென்று கெடு விதித்தன. பின்னர் அக்கெடு திரும்பப் பெறப்பட்டதாயினும், 1966-ஐ மறக்காத குடும்பங்களின் நெஞ்சில் அது தைத்தது. அவ்வாண்டு செப்டம்பரில் ராணுவம் உமுவாகியாவில் கானுவின் இல்லத்தில் புகுந்தது. ஐபாப் பயங்கரவாத அமைப்பாகத் தடை செய்யப்பட்டது. கானு நாட்டை விட்டு மறைந்தார்.

திங்கட்கிழமை

2020 டிசம்பரில் ஐபாப் ஆயுதப் பிரிவொன்றை அமைத்ததாக அறிவித்தது. மேய்ச்சற் கூட்டத்தாரின் தாக்குதலிலிருந்து விவசாயிகளைக் காப்பதே அதன் நோக்கமென்று சொல்லப்பட்டது. 2016-ல் எனுகு மாநிலத்து நிம்போ கிராமத்தில் நடந்த படுகொலையின்போது அரசு காக்கத் தவறியதை அறிந்த ஜனங்களுக்கு அச்சொல் பொருத்தமாகவே தோன்றியது. ஆனால் ஆயுதம் வந்த பிறகு அதன் முனை எத்திசையில் திரும்பும் என்று எவரும் உறுதி கூற முடியாது. 2021 ஏப்ரலில் ஓவெரி சிறை தகர்க்கப்பட்டு 1,800-க்கு மேற்பட்ட கைதிகள் தப்பினர். போலீஸ் நிலையங்களும் தேர்தல் அலுவலகங்களும் எரிந்தன. இன்னாரென்று அறியப்படாத துப்பாக்கிக்காரர்கள் என்பது அன்றாட வழக்காயிற்று. ஜூனில் கானு கென்யாவிலிருந்து பலவந்தமாகக் கொண்டுவரப்பட்டார். ஆகஸ்டு முதல் ஒவ்வொரு திங்கட்கிழமையும் வீட்டுக்குள் இருக்கும்படி அவருடைய இயக்கம் கட்டளையிட்டது.

அந்தத் திங்கட்கிழமையை அருகில் நின்று பார்த்தால்தான் அதன் கொடுமை விளங்கும். அரியாரியா சந்தையில் செருப்பு வாங்க வரும் வெளியூர் வியாபாரி, வாரத்தில் முதல் நாள் வியாபாரம் இல்லையென்று அறிந்து வேறு ஊர்ச் சந்தையை நாடுகிறான். தினக்கூலிக்குச் சுமை தூக்குபவன் அன்று அடுப்பு மூட்ட வழியின்றி இருக்கிறான். பஸ் ஓட்டுபவன் வண்டி கொளுத்தப்படுமென்று அஞ்சி வெளியே எடுப்பதில்லை. பரீட்சை எழுதவேண்டிய மாணவன் பள்ளிக்குப் போவதா, உயிரைக் காப்பதா என்று தவிக்கிறான். ஐபாப் பின்னர் அந்தக் கட்டளையைத் திரும்பப் பெற்றதாக அறிவித்த பின்னும் பயம் அதை நடத்திக்கொண்டே இருந்தது; பின்லாந்தில் வசித்த சைமன் எக்பா அங்கிருந்தபடியே புதிய கட்டளைகளைப் பிறப்பித்தார்; 2025 செப்டம்பரில் அந்நாட்டு நீதிமன்றம் பயங்கரவாதக் குற்றங்களுக்காக அவருக்கு ஆறாண்டுச் சிறை விதித்தது. 2021 ஜனவரி முதல் 2023 ஜூன் வரை தென்கிழக்கில் 1,800-க்கு மேற்பட்டோர் கொல்லப்பட்டதாக ஆம்னெஸ்டி கணக்கிட்டிருக்கிறது. அவர்களைக் கொன்றவர்களில் அரசின் படையினரும் உண்டு, விடுதலை வீரர் என்று தம்மைச் சொல்லிக்கொண்டவர்களும் உண்டு, இரண்டு பேரையும் போர்வையாக்கிக்கொண்ட வெறும் கொள்ளைக்காரர்களும் உண்டு.

இவ்விடத்தில் தயக்கமின்றிச் சொல்லவேண்டியது ஒன்று இருக்கிறது. தன் ஜனங்களின் சம்மதத்தைக் கேளாமல் அவர்கள் கடையை மூடும் இயக்கம், எந்த அரசை எதிர்த்து எழுந்ததோ அந்த அரசின் குணத்தையே தானும் எய்திவிடுகிறது. பிற இனத்தாரை இழிவாகப் பேசிய கானுவின் வானொலி உரைகளும் இக்குற்றத்துக்கு விலக்கல்ல. அநீதிக்கு ஆளானவர்கள் செய்யும் அநீதியும் அநீதியே.

எல்லைக்கு அப்பாலுள்ள அச்சம்

பயாஃப்ராவின் வரைபடத்தை இவ்வியக்கத்தார் வரையும்போது கடற்கரையையும் எண்ணெய் வயல்களையும் சேர்த்தே வரைகிறார்கள். அங்கு வாழும் இஜாவ், இபிபியோ, எஃபிக், ஓகோனி மக்களின் அபிப்பிராயம் வேறு. சுதந்திரத்துக்கு முன்பே, வில்லிங்க் கமிஷன் சிறுபான்மையினரின் அச்சங்களை விசாரித்த காலத்திலேயே, இக்போ ஆதிக்கத்திலிருந்து தங்களைக் காக்கத் தனி மாநிலம் வேண்டுமென்று அவர்கள் கேட்டனர். 1966 பிப்ரவரியில், இக்போவான இரோன்சி ஆட்சிக்கு வந்த அடுத்த மாதத்தில், ஐசக் போரோ என்ற இஜாவ் இளைஞர் நைஜர் டெல்டாவில் தனிக்குடியரசு பிரகடனம் செய்து பன்னிரண்டு நாட்கள் போராடினார். ஓகோனி எழுத்தாளர் கென் சாரோ-விவா யுத்தத்தில் மத்திய அரசின் பக்கமே நின்றார். போர்ட் ஹார்கோர்ட்டைச் சுற்றியுள்ள இக்வெரே மக்களோ, மொழியால் இக்போவுக்கு மிக நெருங்கியவர்களாயினும், யுத்தத்துக்குப் பின் தாங்கள் தனி இனம் என்றே நிலைநாட்டிக்கொண்டனர். பெரும்பான்மையின் அலட்சியத்தை அனுபவித்தவர்கள், தங்கள் நடுவே உள்ள சிறுபான்மையின் அச்சத்தை அலட்சியம் செய்வார்களானால், அவர்கள் கோரும் நீதி முழுமை பெறாது.

வாக்குச் சீட்டு சொன்ன சாட்சி

இந்த வாதம் முழுவதற்கும் உரைகல்லாக அமைந்தது 2023 பிப்ரவரியில் நடந்த ஜனாதிபதித் தேர்தல். அனாம்பிராவின் முன்னாள் கவர்னர் பீட்டர் ஓபி, சிறிய கட்சியாகிய தொழிற்கட்சியின் வேட்பாளராக நின்றார். தேர்தலே நடக்கக்கூடாதென்று வெளிநாட்டிலிருந்து மிரட்டல் வந்தபோதும், தென்கிழக்கின் ஐந்து மாநிலங்களிலும் வாக்காளர் அவரையே பெருவாரியாக ஆதரித்தனர். அதுமட்டுமா? லாகோஸிலும் அபுஜாவிலும் பீடபூமி மாநிலத்திலும் எடோவிலும் அவரே முதலிடம் பெற்றார். மொத்தம் 61 லட்சம் வாக்குகள் பெற்று மூன்றாவதாக வந்தார். அவர் பிரிவினை பேசவில்லை. இக்போவின் முறை வந்துவிட்டது என்றும் பேசவில்லை. வீண்செலவையும் பொறுப்பற்ற ஆட்சியையும் பற்றியே பேசினார். நாட்டை விட்டு விலகுவதே நிரந்தர லட்சியமென்று கருதப்பட்ட ஜனங்கள், நாட்டைத் திருத்தும் வழி ஒன்று கண்ணுக்குத் தெரிந்த மாத்திரத்தில் அதன் பக்கம் திரும்பினார்கள். சில வாரங்களில் நடந்த கவர்னர் தேர்தலின்போது லாகோஸில் இக்போ வாக்காளர்கள் மிரட்டப்பட்டதும் தாக்கப்பட்டதும் அந்தத் திருப்பத்தை எவ்வளவு காயப்படுத்தியிருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. ஆனாலும் அது தந்த பாடம் அழியவில்லை: பிரிவினை வேட்கை இம்மக்களின் இயற்கையன்று, அடைக்கப்பட்ட வாசல்களின் விளைவு.

செய்யத்தக்கவை

2025 நவம்பர் 20-ல் அபுஜா நீதிமன்றம் கானுவுக்கு ஆயுள் தண்டனை விதித்தது. இத்துடன் விவகாரம் தீர்ந்ததென்று ஆள்வோர் எண்ணுவார்களானால், 1970-ல் எண்ணியவர்கள் செய்த பிழையையே மறுபடி செய்கிறார்கள். அரசியல் பேச்சுவார்த்தையால் ஆகவேண்டியதைச் சிறைக்கதவு செய்துவிடாது. தென்கிழக்கு அபிவிருத்திக் கமிஷன் ஒன்று 2024-ல் சட்டமாகியிருப்பதும், பல ஆட்சிகள் வாக்களித்துக் கைவிட்ட இரண்டாவது நைஜர் பாலம் 2023-ல் திறக்கப்பட்டதும் நன்மையே. ஆனால் பாலமும் கமிஷனும் பொறுப்புள்ள ஆட்சிக்கு ஈடாகமாட்டா.

முதலில் வேண்டுவது, வாழும் ஊரிலேயே முழு உரிமை தரும் குடியுரிமைச் சீர்திருத்தம். பூர்வீகச் சான்றின் ஆதிக்கம் ஒழிந்தாலன்றி நைஜீரியன் என்ற சொல்லுக்கு நடைமுறையில் பொருள் இல்லை. அடுத்து வேண்டுவது, 1966 முதல் 1970 வரை நிகழ்ந்தவற்றைப் பற்றிய பகிரங்கமான உண்மை. 1967 அக்டோபரில் அசாபா நகரில் நூற்றுக்கணக்கான ஆண்களும் சிறுவர்களும் வரவேற்கக் கூடிய இடத்திலேயே சுடப்பட்டார்கள்; அத்தகைய புகார்களை விசாரித்த ஓபுடா கமிஷனின் அறிக்கையை அரசு முறைப்படி வெளியிடவில்லை; பள்ளிகளிலிருந்து சரித்திரப் பாடமே சில ஆண்டுகள் நீக்கப்பட்டிருந்தது. அரசும் பள்ளியும் மௌனமாக இருந்தபடியால், இளைஞர்கள் சரித்திரத்தை ரகசிய வானொலியிடம் கற்றார்கள். பாதி உண்மையும் பாதி துவேஷமுமாகக் கற்றார்கள்.

எல்லாவற்றினும் அவசரமானது ஊராட்சியின் மீட்சி. ஸ்தல ஸ்தாபனங்களின் பணம் கவர்னர் கைக்குப் போகாமல் தேர்ந்தெடுக்கப்பட்ட சபைகளுக்கே நேரே செல்லவேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2024 ஜூலையில் தீர்ப்பளித்திருக்கிறது. அத்தீர்ப்பை நிறைவேற்றும் கடமை அபுஜாவுக்கும் உண்டு, அதைவிட அதிகமாக எனுகு, ஓவெரி, உமுவாகியா, ஆவ்கா, அபகலிக்கி ஆகிய ஐந்து தலைநகரங்களுக்கும் உண்டு. இதற்கு மத்திய அரசின் அனுமதியோ அரசியல் சட்டத் திருத்தமோ வேண்டியதில்லை. நேர்மையான ஒரு தேர்தலும், வெளிப்படையான ஒரு கணக்கும், அக்கணக்கைக் கேட்கும் ஒரு சபையும் போதும். அதைத் தர மறுக்கும் இக்போ கவர்னருக்கு, மத்திய அரசின் அநீதியைப் பற்றி முறையிடும் தகுதி இல்லை.

ஒரு தேசத்தின் ஒற்றுமையைப் படைபலத்தால் காக்கலாம் என்ற நம்பிக்கை நைஜீரியாவில் ஒரு முறை வென்றது. வென்ற அரை நூற்றாண்டுக்குப் பிறகும் அதே கேள்வி அதே இடத்தில் நிற்பதே அவ்வெற்றியின் அளவைக் காட்டுகிறது. தங்களைக் கேட்டு ஆளும் அரசு எந்தக் கொடியின் கீழ் இருந்தாலும் இக்போ மக்கள் அதைத் தங்கள் அரசென்று ஏற்பார்கள் என்பதற்கு அவர்களுடைய சரித்திரமே பிணை. கேளாமல் ஆளும் அரசு, அது அபுஜாவில் இருந்தாலும் நாளைய பயாஃப்ராவில் இருந்தாலும், 1929-ல் பெண்கள் தந்த பதிலையே பெறும்.